முதலில் வந்த தபால் வாக்குகள்

தேவாலய வாங்கில் வைத்த அலைபேசி அதிர்ந்தால் காது அதைக் கடைசியாகத்தான் அறியும். முதலில் இடுப்பெலும்பு அறியும். பலகை அந்த உறுமலை வாங்கி, வரிசையில் இருக்கும் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். இப்போதும் ஆக்லாந்தின் ஏதாவதொரு கோப்பிக் கடையில், பக்கத்து மேசையில் யாருடையதோ மரத்தோடு உரசி உறுமினால் என் முதுகு நிமிர்ந்துகொள்கிறது. அந்தப் புதன்கிழமை வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்துகொள்கிறது.

அன்று அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை. ஒரே வாங்கில் நாங்கள் மூன்று பிள்ளைகள். சுவரோரம் அண்ணன், நடுவில் நான், நடைபாதைப் பக்கம் தங்கச்சி. அவளுடைய கைப்பைக்குள் இருந்துதான் அதிர்ந்தது. குருவானவர் அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. தொடையை ஒரு விரற்கடை நகர்த்தினார், அவ்வளவுதான். யாருடைய செய்தி என்று அவருக்குத் தெரியும். பென்சில்வேனியாவில் அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில் படுத்தெழும்பும் தங்கச்சியின் கணவருடைய செய்தி. தங்கச்சி பாட்டுப் புத்தகத்தை விரித்து அதன் மறைவில் வாசித்தாள். பிறகு எனக்கும் காட்டினாள்.

"பள்ளிக்கூட வாசலிலை இன்னும் சனம் வரிசையிலை நிக்குது. ஒண்டும் விளங்கேல்லை."

அங்கே செவ்வாய்க்கிழமை பின்னேரம். அமெரிக்கா தன் சனாதிபதியைத் தெரிவு செய்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது ஐம்பது மாநிலங்களின் கதை அல்ல, ஒரே ஒரு மாநிலத்தின் கதை. அந்த மாநிலம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் நாடும் சாயும் என்று தொலைக்காட்சி நாட்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அதைவிட வேறு கணக்கும் இருந்தது.

தங்கச்சி கலியாணம் கட்டி மன்னாரில் இருந்தவள். அவளுடைய கணவர் ஆறு வருடத்துக்கு முன் புறப்பட்டு, பெயர் சொல்லத் தெரியாத நாடுகள் வழியாக நடந்தும் படகிலும் போய், அமெரிக்காவின் தெற்கு எல்லையில் கையை உயர்த்தித் தஞ்சம் கேட்டவர். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அண்ணனின் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, அண்ணனின் வீட்டில் கீழ் அறை. அடுத்த கிழமை கடைசி விசாரணை. அதற்குப் போவதா, போகாமல் கனடாவுக்குப் போவதா என்பதுதான் அன்றைக்கு முடிவாக வேண்டியிருந்தது. அவருடைய கூடப்பிறந்த தமையன் டொரொண்டோவில் இருப்பதால் எல்லைப் பாலத்தில் வைத்துத் தஞ்சம் கேட்கலாம், உள்ளே விட இடமுண்டு என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். ஆனால் போனால் அமெரிக்க வழக்கு அத்தோடு சரி. ஆறு வருடம் காற்றில். தங்கச்சி மறுபடி முதலாம் நாளிலிருந்து காத்திருக்க வேண்டும்.

தமிழ்க் கடைகளுக்கு அரிசியும் மிளகாய்த்தூளும் ஏற்றிக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை டொரொண்டோவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையில் வான் வண்டி ஓட்டும் ஒருவர் அன்றிரவு பத்து மணிக்குத் திரும்பிப் போகிறார். பாலம் வரை கூட்டிப் போகச் சம்மதித்திருந்தார். பஸ்ஸில் போகத் தங்கச்சியின் கணவருக்குப் பயம். பஸ் நிலையங்களில் குடிவரவு அதிகாரிகள் ஏறிப் பேப்பர் கேட்பார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அவர்களுடைய இரவு பத்து, எங்களுடைய பகல் நான்கு. அதற்குள் அந்த மாநிலம் வாய் திறந்துவிட வேண்டும். வந்தவர்களைத் துரத்துவேன் என்ற பக்கம் வென்றால் வானில் ஏறுவது, மற்றப் பக்கம் வென்றால் நின்று விசாரணைக்குப் போவது.

அண்ணன் அப்பாவின் அடக்கத்துக்கு வரவில்லை. முப்பத்தோராம் நாளுக்குத்தான் வந்தார். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வாக்கியம் அப்பாவைப் பற்றியதாக இருக்கவில்லை.

"என்ரை வோட்டைத் தபாலிலை போட்டிட்டுத்தான் பிளேன் ஏறினனான்."

யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார். வந்தேறிகளை மூட்டை கட்டி அனுப்புவேன் என்று மேடைக்கு மேடை முழங்கிய பக்கத்துக்கு. சொல்லிவிட்டு என் காரின் பின்பக்கத்தைத் தானே திறந்து பெட்டியை வைத்தார். பெட்டியை வைத்த சத்தத்திலேயே எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்துவிட்டது. வெறுப்புக்கு நல்ல காரணம் கிடைப்பது எவ்வளவு ஆறுதல். அதுவரை காரணமில்லாமல் வெறுத்துக்கொண்டிருந்தேன்.

ஹில்ஸ்பரோவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில்தான் அப்பா இறந்தார். அவரைப் பார்க்கவென்று எட்டு மாதத்துக்கு முன் விசிட் விசாவில் வந்த தங்கச்சிதான் கடைசிவரை கழுவித் துடைத்தவள். மரக்கறிச் சந்தையைப் போல ஈரம் மணக்கும் வீடு அது. குளிர்காலம் முடிந்தும் சுவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. பூசை முடிந்து வந்த சனம் கூடத்திலும் கராஜிலும் நின்று சாப்பிட்டது. இறால் பொரியல், ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி. பக்கத்துத் தெருவில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் சோறு வடிக்கவென்று தன் பெரிய பாத்திரத்தைத் தந்திருந்தாள். அவள் அதை அண்டா என்பாள், நாங்கள் கிடாரம் என்போம், இரண்டு பெயரிலும் சோறு வெந்தது. ஒன்றரை மணிக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேரும் தொலைக்காட்சியும் மிஞ்சினோம். அன்றிரவே அண்ணனுக்கு விமானம்.

"அண்ணா, அங்கை எத்தினை மணிக்குப் பெட்டி மூடுவினம்?" தங்கச்சி சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கியபடியே கேட்டாள்.

"எட்டுக்கு. இஞ்சை ரெண்டு மணி."

"பேந்து உடனை சொல்லுவினமோ?"

"உனக்கேன் அது. தண்ணி கொண்டா."

"அவளுக்குத்தான் அது," என்றேன் நான். "உங்களுக்கென்ன. நீங்கள்தான் போட்டிட்டு வந்திட்டீங்களே."

"ஓம், போட்டனான். ஒளிச்சே போட்டனான்?"

"கீழறையிலை ஒருத்தரைப் படுக்க வைச்சிட்டு மேலறையிலை இருந்து போட்டனீங்கள்."

"அஞ்சு வருசமா வைச்சிருக்கிறன். நீ ஒரு கிழமை ஆரையும் வைச்சுப் பார். கட்டினவனோடையே உனக்கு ரெண்டு வருசம் இருக்கேலாமப் போச்சு."

தங்கச்சி கோப்பைகளைத் தொட்டியில் சத்தமாக வைத்தாள். நான் விடவில்லை. விடத் தெரிந்திருந்தால் வெஸ்ட்கேட்டில் ஒரு வருடம், எப்சத்தில் ஒன்றரை, அதற்கு முன் எத்தனையோ முகவரிகள் என்று பெட்டி தூக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டேன்.

"நீங்கள் அமெரிக்காவுக்கு என்ன மாதிரிப் போனனீங்கள் அண்ணா? அழைப்பிதழ் அனுப்பினவையோ?"

"கள்ளப் பாஸ்போட்டிலை." அவர் ஒரு சொட்டும் தயங்கவில்லை. "மலேசியாக்காரன் ஒருத்தன்ரை பாஸ்போட், என்ரை படம் ஒட்டினது. மூக்கு அவன்ரை மூக்கு மாதிரி இருக்கெண்டு ஏஜென்சிக்காரனே சிரிச்சவன். ஊருக்கே தெரிஞ்ச கதை. அதாலைதான் சொல்லுறன், என்னை மாதிரி எல்லாரும் வந்தா ஒரு நாடும் தாங்காது."

தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளியாக்கி, தானே நீதவானாகவும் இருந்து, தனக்கு மட்டும் விடுதலை கொடுத்து எழும்பிப் போகிற மனிதர். அவர் அப்பாவின் கட்டிலில் போய்ச் சாய்ந்தார். கால்களை மடக்காமல் நீட்டி, காலணியோடு.

இரண்டு மணிக்கு அங்கே பெட்டி மூடினார்கள்.

தேர்தல் முடிவுகளை எப்படிக் கேட்பது என்று எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அது இந்த நாட்டுப் பழக்கமில்லை, அண்ணனுடைய நாட்டுப் பழக்கமும் இல்லை. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வர விடமாட்டார்கள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லில் சாய்த்து, ஒரு ஆள் ஏறி உழக்க, அந்த மின்சாரத்தில் ரேடியோ பாடும். உழக்குவது குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். சனாதிபதித் தேர்தல் முடிவென்றால் மாவட்டம் மாவட்டமாக வாசிப்பார்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் முதலில் தபால் வாக்கு. அரசாங்க உத்தியோகத்தர்கள் முன்கூட்டியே போட்ட வாக்கு. கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்த அப்பா அதை மட்டும் சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்வார். ஐந்தாறு மாவட்டம் வந்ததும் பேனையை மூடுவார்.

"காணும். தபாலிலை எப்பிடியோ பெட்டியிலையும் அப்பிடித்தான். இறங்கு."

அண்ணன் இறங்குவார். அநேகமாக அண்ணன்தான். என் கால் எட்டாது, தங்கச்சி சின்னப் பிள்ளை. அப்பா சொன்னபடியேதான் மறுநாள் முழு முடிவும் வரும். எங்களுக்குத் தெரிந்து ஒருமுறையும் பிசகியதில்லை. வியர்வை வடிய இறங்கி நிற்கும் அண்ணனின் கெண்டைக்கால் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நாங்கள். ஒரு நாட்டின் தலைவிதி எப்படித் தெரியவரும் என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் அந்த நடுக்கம்தான். அதற்குப் பிறகு வேறு எங்கும் அதைக் கற்கவில்லை. எத்தனையோ தேர்தல்கள் பார்த்தேன், இந்த நாட்டில் வாக்கும் போட்டேன். ஆனாலும் உள்ளே அந்தச் சைக்கிள்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று மணி தாண்டியபோது தொலைக்காட்சியில் அந்த மாநிலத்தின் படம் பெரிதாக வந்தது. செங்கல் போலச் சதுரமான மாநிலம். மூலையில் ஒரு பெரிய நகரம், மறுமூலையில் இன்னொன்று. அந்த இரண்டு இடங்களிலும் இருந்து முதல் வாக்குகள் வந்திருந்தன. அறிவிப்பவர் இவை தபாலில் வந்தவை என்றார். எங்களுக்கு வேண்டிய பக்கம் மலைபோல உயர்ந்து நின்றது. மற்றப் பக்கம் வரம்பு அளவுக்கு.

தங்கச்சி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"அக்கா, இது என்ன?"

"தபால் வாக்கு."

"தபால் வாக்கோ?"

அவளுடைய முகத்தில் நடந்ததை நான் பார்த்தேன். எட்டு மாதமாக நான் அந்த முகத்தில் காணாத ஒரு தளர்வு. பிடித்து வைத்திருந்த எதையோ கழுத்து கீழே விட்டது. சைக்கிளின் காலத்தில் அவளுக்கு ஏழு வயது. ஆனால் அவளுக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப முடிஞ்சுதோ அக்கா?"

"முடிஞ்ச மாதிரித்தான்," என்றேன். "அவரை நிக்கச் சொல்லு."

அண்ணன் எழும்பி வந்து கூடத்தில் இருந்தார். தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். தோலை அறாமல் ஒரே சுருளாக எடுக்கும் கவனம் முழுவதும் விரலில் இருந்தது. படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பழத்தைப் பார்த்தார்.

தங்கச்சி கணவரை அழைத்தாள். கை ஈரமென்று அலைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் கதவு திறந்து மூடும் மணிச் சத்தம், குளிர்பெட்டியின் இரைச்சல். பெற்றோல் நிலையத்தின் உள்ளே.

"வான் வந்திட்டுது," என்றார் அவர். குரலைத் தாழ்த்திக் கதைத்தார். "பின்னாலை அரிசி மூட்டையளுக்குப் பக்கத்திலை இடம் வைச்சிருக்கிறான். பத்துக்கு எடுக்கப் போறானாம். ஏறுறதோ, இல்லையோ? கெதியாச் சொல்லும்."

"அக்கா பாத்தவ. தபால் வாக்கு எங்கடை பக்கமாம். நிக்கட்டாம்."

"வடிவாப் பாத்தவவோ?"

"நானும் பாத்தனான். ரீவீயிலை போகுது."

கதவு மணி மறுபடி ஒலித்தது. அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"உம்மடை அண்ணை என்ன சொல்லுறார்? அவருக்குத்தானே இஞ்சத்தை நடப்புத் தெரியும்."

தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் தோடம்பழத்தின் கடைசிச் சுருளைத் தட்டில் வைத்தார், ஒரு சுளையைப் பிரித்து வாயில் போட்டார், மென்றார்.

"எனக்கென்ன தெரியும்," என்றார். "அவையவை விருப்பப்பட்டதைச் செய்யட்டும்."

அந்த வாக்கியம் எனக்கு அப்போது அவருடைய வழக்கமான அலட்சியமாகத்தான் பட்டது. தோற்கப்போகிறவரின் சினம் என்றுகூட நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்தேன். "நிக்கச் சொல்லு," என்றேன் மறுபடி. எவ்வளவு தெளிவாகச் சொன்னேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை.

நான்கு மணி கடந்து இரண்டு நிமிடத்தில் தங்கச்சிக்குச் செய்தி வந்தது. "வான் போயிட்டுது." அவள் அதை வாசித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு தேத்தண்ணி வைக்கப் போனாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் குசினியில் ஏதோ முணுமுணுத்துப் பாடியது கேட்டது.

தேத்தண்ணி கொதிக்கும் முன்பே மலை சரியத் தொடங்கியது. மாநிலத்தின் நடுப்பகுதி, நான் பெயர் கேள்விப்பட்டிராத சிற்றூர்கள், ஒவ்வொன்றாக மற்றப் பக்கத்தின் நிறத்தில் சிவந்தன. ஒவ்வொரு தடவை திரை மாறும்போதும் இடைவெளி ஒரு பிடி குறைந்தது. நான் தொலைக்காட்சிக்கு அருகே போய் நின்றேன், அருகே நின்றால் தாங்கிப் பிடிக்கலாம் போல. நாலரைக்கு இரண்டு பக்கமும் ஒரே உயரம். பிறகு மற்றப் பக்கம் தலையை உயர்த்தியது. தங்கச்சி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றவள் அப்படியே நின்றாள். அவளுக்கு எண் வாசிக்கத் தெரியும், நான் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் கோயம்புத்தூர்ப் பெண் தன் பாத்திரத்தை எடுத்துப்போக வந்தாள். கணினி வேலை செய்கிறவள், வீட்டிலிருந்தே வேலை, கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"அக்கா, அண்டா காலியாயிடுச்சாங்க?" என்றவள் திரையைப் பார்த்தாள். "ஓ, நீங்களும் பென்சில்வேனியாதானா. எங்க டீம்ல காலைல இருந்து யாருமே வேலை பாக்கல."

"மூண்டு மணிக்கு எங்கடை பக்கம் எவ்வளவு முன்னுக்கு நிண்டது," என்றேன். என் குரல் யாரிடமோ முறையிடுவது போல இருந்தது. "தபால் வாக்கெல்லாம் அந்தப் பக்கம்."

"ஆமா, அது அப்படித்தாங்க காட்டும். அங்க மெயில்ல போடுறவங்கள்ல பாதிக்கு மேல அந்தக் கட்சிக்காரங்க. இந்தக் கட்சிக்காரங்க நேர்ல பூத்துக்குப் போய்த்தான் போடுவாங்க. மெயில் ஓட்டை முதல்ல எண்ணி விட்டாங்கன்னா ஆரம்பத்துல பயங்கரமா ஏறும், அப்புறம் இறங்கிடும். போன தடவையே பெரிய சண்டையாச்சே இதுல." அவள் அண்ணனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். "அண்ணாவுக்குத் தெரியாததா. அங்கயே இருக்காரே."

அவள் எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் நாளைக்கு வந்து எடுத்துக்கறேங்க," என்று சொல்லி வெறுங்கையோடு போய்விட்டாள்.

தங்கச்சி தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"அண்ணா, உங்களுக்குத் தெரியுமோ இது?"

அவர் அலைபேசியில் விமானச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா."

"தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"ஆர் என்னைக் கேட்டது? நீ அக்காவைக் கேட்டனீ. அவ அப்பாவைக் கேட்டவ. செத்து ஒரு மாசமான மனுசனைக் கேட்டு முடிவெடுக்கேக்கை நான் ஏன் இடையிலை."

"அவர் கேட்டவர்," என்றேன். "போனிலை. உங்களைத்தான் கேட்டவர். நான் இதிலை இருந்தனான்."

"நீ கதைக்காதை. சைக்கிள் உழக்கினது நான். நீ பாத்துக்கொண்டு நிண்டனீ. ஒரு ஊரிலை கேட்டதை உலகம் முழுக்க அப்பிடித்தான் எண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கிறது உன்ரை பைத்தியம். அதுக்கு நானே பொறுப்பு?"

அது உண்மை. உண்மையை அவர் கையில் எடுத்துக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் நான் வாய் திறக்கும் முன் தங்கச்சி கேட்டாள், அதே மெல்லிய குரலில், கணக்குப் பாடத்தில் விடை வராத பிள்ளையைப் போல.

"அவர் போனா உங்களுக்கு என்ன நட்டம் அண்ணா?"

அண்ணன் யன்னலைப் பார்த்தார். வெளியே மழை இல்லை. மழை வரப்போவதும் இல்லை. மனுக்காவ் கடல் வற்றிச் சேறு மினுங்கியது.

"நான் இஞ்சை நிக்கிறன்," என்றார். "கடையை ஆர் திறந்து வைச்சிருக்கிறது? அவர் இண்டைக்கு இரவு வானிலை ஏறினா விடியக் கடை பூட்டு. நாளைக்கு ஒருத்தன் வந்து பாத்திட்டு அடுத்த பம்புக்குப் போவான், பேந்து வரமாட்டான்."

அதைச் சொன்னபோது அவருக்கு வெட்கம் இருந்ததா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். காது சிவந்திருந்தது. சிலருக்கு வெட்கம் காதோடு நின்றுவிடும், வாய்வரை இறங்காது. ஐந்து வருடமாக அந்த மனிதரை வைத்திருக்கிறேன் என்ற சொல்லின் எடையை அப்போதுதான் நான் உணர்ந்தேன். ஒரு பூட்டை வைத்திருப்பது போல வைத்திருந்தார்.

நான் கத்தத் தொடங்கினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன், நல்ல தமிழில் சொன்னேன். அடக்கத்துக்கு வராததிலிருந்து அப்பாவின் கட்டிலில் காலணியோடு படுத்தது வரை வந்தது. தங்கச்சி என்னை நிறுத்தினாள். அண்ணனுக்காக இரங்கி நிறுத்தவில்லை.

"நீங்கள் கத்தாதேங்கோ அக்கா. அவர் மறைச்சவர், சரி. 'நிக்கச் சொல்லு' எண்டது நீங்கள். ஒரு வீட்டிலை ரெண்டு வருசம் நிக்கத் தெரியாத உங்களிட்டைப் போய் நிக்கிறதோ போறதோ எண்டு கேட்டனே, என்னைச் சொல்ல வேணும்."

அதன் பிறகு அந்த வீட்டில் மூன்று மணித்தியாலம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. தங்கச்சி மிஞ்சிய கறிகளை ஐஸ்கிறீம் டப்பாக்களில் போட்டு மூடினாள். இரண்டு தடவை கணவரை அழைத்தாள். கடையில் சனம், பிறகு எடுக்கிறேன் என்று அவர் எழுதினார். அவர் இன்னும் சனத்துக்குச் சிகரெட்டும் லொத்தர் சீட்டும் விற்றுக்கொண்டிருந்தார். தன்னை வெளியே போகச் சொல்லி வாக்களித்துவிட்டு வந்து பெற்றோல் அடிக்கிறவர்களுக்கும் மிச்சக் காசை இரு கையாலும் எண்ணிக் கொடுத்திருப்பார். மன்னாரில் அவர் அப்படித்தான் கொடுப்பார்.

விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். டாக்சியில் போகச் சொல்லியிருக்கலாம். முப்பத்தோராம் நாளுக்கு வந்த மூத்த பிள்ளையை டாக்சியில் அனுப்பினார்கள் என்று ஒரு சொல் இந்த ஊரில் எந்தப் பூசைக்கும் முன்னால் ஓடி வந்து நிற்கும். அந்தச் சொல்லுக்குப் பயந்து ஓட்டினேன். அண்ணன் முன்னால், தங்கச்சி பின்னால். வருவதற்கு அவளை யாரும் கேட்கவில்லை, தானாக வந்து ஏறினாள். கடைசி வெளிச்சம் மாங்கேரேப் பாலத்துக்குக் கீழே நீரில் கிடந்து அணைந்துகொண்டிருந்தது. சேற்று மணம் காருக்குள் வந்தது. யாரும் கண்ணாடியை ஏற்றவில்லை.

பாலம் கடந்ததும் அண்ணனின் அலைபேசி ஒளிர்ந்தது. வாசித்தார். அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தார்.

"எங்கடை ஸ்ரேற் அறிவிச்சாச்சு," என்றார். வென்றவரின் குரலாக அது இல்லை. மருத்துவமனை வரிசையில் இலக்கம் கூப்பிடுகிறவரின் குரல்.

எங்கடை. அந்தச் சொல்லுக்குள் தங்கச்சியின் கணவருக்கு ஒரு மூலைகூட இருக்கவில்லை.

இரண்டு சுற்றுவட்டம் தாண்டினோம். பிறகு அவர் பின்னால் திரும்பாமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடி தங்கச்சியிடம் கதைத்தார். இதமாகக் கதைத்தார்.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். இனி அங்கை சட்டம் இறுக்குவினம். வீடு வீடா வந்து தட்டுவினம் எண்டு கதை. என்ரை விலாசத்திலை அவர் இருந்தா எனக்கும் கரைச்சல், மனிசி பிள்ளையளுக்கும் கரைச்சல். நான் போய் இறங்கி ஒரு கிழமைக்குள்ளை வேறை இடம் பாக்கச் சொல்லு. விசாரணைக்குப் போறாரோ விடுறாரோ, அது அவரின்ரை விருப்பம். நீ ஆறுதலா எடுத்துச் சொல்லு."

"இண்டைக்கு இரவு?" என்று நான் கேட்டேன். "இண்டைக்கு இரவு கடையிலை நிக்கலாமோ?"

"நான் உன்னோடை கதைக்கேல்லை."

புறப்படும் பயணிகளை இறக்கும் இடத்தில் நிறுத்தினேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்ற பலகை. அண்ணன் இறங்கினார். நான் இறங்கவில்லை, என்ஜினை அணைக்கவும் இல்லை. தங்கச்சி இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, எட்டு மாதம் அப்பாவைத் தூக்கிய கைகளால் அந்தப் பெட்டியைத் தூக்கி நடைபாதையில் வைத்தாள். கைப்பிடியை இழுத்து நீட்டி அவர் பக்கம் திருப்பினாள். என் கண்ணாடி இறங்கியிருந்தது. எல்லாம் கேட்டது.

அண்ணன் அவளுடைய தலையில் கை வைக்கப் போனார். அவள் அரை அடி பின்னால் நகர்ந்தாள்.

"அப்ப, சொல்லுறாய்தானே பிள்ளை?"

"இல்லை அண்ணா. நீங்கள் வீட்டை போய், படியாலை கீழை இறங்கி, அவர் இரவு வேலை முடிஞ்சு நித்திரையாலை எழும்பும் மட்டும் நிண்டு, முகத்தைப் பாத்து நீங்களே சொல்லுங்கோ."

"விசர்க்கதை கதைக்காதை. நீ சொன்னாத்தான் அவர் கேப்பார்."

"ஓம். அதாலைதான் சொல்லமாட்டன்."